மரமா, மாந்தனா?

இறந்தவன் விட்டுச் சென்ற இசைக்கருவியை இருப்பவன் எடுத்து வாசிக்கலாமா? வாசிக்கலாம் என்றால், தன் கைக்கேற்றவாறு அதனை மாற்றியமைக்கவும் அவனுக்கு உரிமை உண்டா? கேள்வி சிறிது; கேட்டவனும் சிறுவன். ஆனால், விடை தேடப் புகுந்த நமக்கோ, பல இரவுகள் உறக்கம் பாதியாயிற்று.

பத்தாம் வகுப்பில் நம்மிடம் பயிலும் மாணவன் அவன். அவனுடைய அண்ணன் மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் கிதார் வாசித்து, அந்த வருவாயில் குடும்பத்தைக் காத்தவர். சென்ற ஆண்டு நோயுற்று மறைந்தார். அன்றிலிருந்து அந்தக் கிதார் அவருடைய வேட்டியிலேயே சுற்றப்பட்டு அலமாரியின் மேல் கிடக்கிறது. மாலைதோறும் அன்னை அதன் முன் விளக்கேற்றுகிறார். தம்பிக்கோ இசையார்வம் பொங்குகிறது; ஆனால் அவன் இடக்கையன். அண்ணனின் கருவி வலக்கையருக்கென அமைந்தது. தந்திகளை வரிசை மாற்றிக் கட்டினால்தான் அவனால் வாசிக்க முடியும். அப்படிக் கட்ட வேண்டுமாயின், தலைப்பக்கத்தில் தந்திகள் பதிந்திருக்கும் சிறு எலும்புத் துண்டைக் கழற்றி வேறு துண்டு பொருத்த வேண்டும். தடித்த தந்திக்கு வெட்டிய பள்ளத்தில் மெல்லிய தந்தி நிற்காது. மெல்லிய தந்தியின் பள்ளத்தில் தடித்தது அமராது.

"அண்ணன் கை பட்டதைத் தொடாதே என்கிறார் அம்மா. மாற்றிவிட்டால் அது அண்ணனுடைய கிதாராக இருக்காதா, ஐயா?" என்று கேட்டான்.

உடனே விடை கூற நாம் துணியவில்லை. கல்லூரியில் கற்ற மெய்யியல் நூல்கள் கைகொடுக்கவும் இல்லை. ஆகவே, இசையுலகம் இதே கேள்வியை எவ்வாறு எதிர்கொண்டது என்று தேடினோம். கண்டவற்றை அன்பர்கள்முன் வைக்கிறோம்.

பேஸ் கிதார் பழங்காலத்துக் கருவியன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஃபுல்லர்ட்டன் என்னும் ஊரில், வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்து வந்தவர் லியோ ஃபெண்டர். அதுவரை தாழ்ந்த சுருதிக்கு இசைக்குழுவினர் நம்பியிருந்தது ஆளுயர டபுள் பேஸ். தூக்கிச் செல்வதும் துன்பம். எக்காளத்திற்கும் முரசுக்கும் இடையே அதன் ஒலி எழுவதும் அரிது. மெட்டுகள் இல்லாமையால் விரல் இம்மியளவு பிசகினாலும் சுருதி பிசகும். ஃபெண்டர் திண்ணிய மரப்பலகையில் நான்கு தந்திகளைக் கட்டினார். காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு அவற்றின் அதிர்வை மின்னோட்டமாக்கினார். நம் வீணையில் இருப்பதுபோல் தண்டில் மெட்டுகளைப் பதித்தார். துல்லியம் என்று பொருள்படும் 'பிரெசிஷன்' என்னும் பெயரோடு 1951இல் அது வெளிவந்தது. 1960இல் 'ஜாஸ் பேஸ்' பின்தொடர்ந்தது.

இங்கே ஒரு செய்தி கருதத்தக்கது. ஃபெண்டர் கிதார் வாசிக்கக் கற்றவர் அல்லர். ஆனால், பழுதுபார்ப்பவனின் தொல்லை அறிந்தவர். எனவேதான் தண்டைப் பசையிட்டு ஒட்டாமல், நான்கு திருகாணிகளால் உடலோடு பிணைத்தார். தேய்ந்தால் கழற்றலாம்; முறிந்தால் மாற்றலாம். பழுதுபார்ப்பவன் படைத்த கருவி அது. பழுதுபார்ப்பதற்கென்றே படைத்த கருவியும் அதுவே. மாற்றம் அதன் பகையன்று. அதன் பிறவிக் குணம்.

அக்கருவி பிறந்த அதே 1951ஆம் ஆண்டில் பிறந்தார் ஒருவர். பெயர் ஜாக்கோ பாஸ்டோரியஸ். ஃப்ளாரிடாவில் வளர்ந்தவர்; தாள வாத்தியக்காரரின் மகன்; இளமையில் தாமும் தாளமே வாசித்தவர். அவர் கைக்கு வந்தது 1962ஆம் ஆண்டின் ஜாஸ் பேஸ் ஒன்று. அதில் மெட்டுகள் இல்லை. வெண்ணெய் தடவும் கத்தியால் தாமே மெட்டுகளை நெம்பியெடுத்ததாக அவரே கூறியதுண்டு. மெட்டு இருந்த பள்ளங்கள் மரப்பசையால் நிரப்பப்பட்டன. பிறகு இன்னொரு தொல்லை எழுந்தது. அவர் விரும்பிய எஃகுத் தந்திகள் சொரசொரப்பானவை. விரற்பலகையின் மரத்தை அவை அரித்தன. கடற்கரை மாநிலத்தில் வாழ்ந்தவர் அதற்கும் வழி கண்டார். படகுகளுக்குப் பூசும் எபாக்சி என்னும் பூச்சை மரத்தின்மேல் பூசினார். பலகை கல்லென இறுகியது. தந்தியின் ஒலி மனிதக் குரலெனக் குழைந்து நீண்டது. துல்லியத்திற்கென ஒருவர் பதித்ததை, உயிர்ப்பிற்கென மற்றொருவர் நீக்கினார்! 1976இல் அவர் பெயரிலேயே வெளிவந்த இசைத்தட்டும், 'வெதர் ரிப்போர்ட்' குழுவோடு 1977இல் அவர் அளித்த 'ஹெவி வெதர்' இசைத்தட்டும் இசைவாணரைத் திகைக்க வைத்தன. பின்னணியில் ஒடுங்கிக் கிடந்த கருவி முன்னணிக்கு வந்து பாடிற்று.

அன்பர்களே, எண்ணிப் பாருங்கள். 'மாமேதையின் கருவி, மாற்றாதே, தொடாதே' என்று இன்று ஒருவர் முழங்கினால், அவர் காக்க விரும்புவது எதனை? ஒருவன் துணிந்து தொட்டதால், துணிந்து மாற்றியதால், பெருமை பெற்ற பொருளை அன்றோ? 'கெட்டுவிடும்' என்று அஞ்சி ஜாக்கோவின் கையை அன்று யாரேனும் பிடித்திருந்தால், இன்று பூட்டிவைத்துப் போற்ற அங்கே என்ன இருந்திருக்கும்? கடையில் விற்ற ஆயிரம் கருவிகளுள் ஒன்று இருந்திருக்கும், அவ்வளவே.

ஆனால், இத்துடன் வழக்கு முடிந்துவிடவில்லை. எதிர்வழக்கையும் கேட்பதே நேர்மை.

அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில், மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1936இல் பிறந்த கறுப்பின இசைவாணர். 1960களில் உலகம் முழுதும் ஒலித்த எத்தனையோ பாடல்களின் அடித்தளம் அவருடைய விரல். விரல்கள் என்றுகூடச் சொல்வதற்கில்லை; வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டுவார். அவருடைய கருவியும் 1962ஆம் ஆண்டினதே, பிரெசிஷன் வகை. அவரோ ஜாக்கோவுக்கு நேர்மாறானவர். தந்தி அறுந்தாலன்றி மாற்றமாட்டார். வியர்வையும் அழுக்கும் ஏறி மங்கிய தந்தியிலேதான் தம் ஒலி உயிர்வாழ்கிறது என்பது அவர் கொள்கை. இத்தகைய கருவியில் புத்தம்புதுத் தந்தி கட்டிப் பளபளப்பாக்குவது தொண்டாகுமா? ஆகாது. மங்கலே அங்கு செல்வம். அழுக்கே அங்கு ஆவணம்.

ஆகவே, 'மாற்றலாம்' என்று பொதுப்படச் சொல்வதும் பிழை. 'மாற்றக்கூடாது' என்று பொதுப்படச் சொல்வதும் பிழை. தேய்ந்த இடம் ஒவ்வொன்றும் ஓர் ஏடு. கட்டைவிரல் எங்கே ஊன்றிற்று, தந்தி எவ்வளவு உயரத்தில் நின்றது, எந்தச் சுரத்தை அவன் அதிகம் நாடினான் என்பதையெல்லாம் மரம் எழுதி வைத்திருக்கிறது. வாளைப் பழுதுபார்க்கிறேன் என்று சொல்லி அதில் பொறித்த எழுத்தை உரைத்தழிப்பவனை யாரேனும் பாராட்டுவரோ? அப்படியே, பழங்கருவியை இழைத்து மெருகேற்றுவோனையும் பாராட்ட வழியில்லை. அருங்காட்சியகத்தார் வாதத்தில் உள்ள நியாயம் இது. இதனை நாம் மறுக்கவில்லை.

அந்த வாதம் எல்லை கடக்கும் இடமும் உண்டு. இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்டு நகரத்து ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில், 'மெசையா' என்னும் வயலின் உள்ளது. இத்தாலியக் கலைஞர் ஸ்ட்ராடிவாரி 1716இல் செய்தது. தேயாமல், தழும்பேறாமல், செய்த நாளின் பொலிவோடு கண்ணாடிக்குள் நிற்கிறது. காண்பவர் வியக்கின்றனர், கேட்பவர் இல்லை, ஏனெனில் அது ஒலிப்பதில்லை. இனி இத்தாலியின் ஜெனோவா நகரைப் பாருங்கள். குவார்னெரி 1743இல் செய்த வயலின் ஒன்று அங்கே உண்டு. பீரங்கி என்று பொருள்படும் 'கன்னோனே' என்பது அதன் பெயர். 1840இல் மறைந்த பாகனினி அதைத் தம் பிறந்த நகருக்கே எழுதிவைத்தார். நகர மக்கள் அதைக் காக்கின்றனர். அதே நேரத்தில் தக்கார் கையில் கொடுத்து ஒலிக்கவும் செய்கின்றனர். 2001இல் டெட்ராயிட் நகரத்துக் கறுப்பினப் பெண்மணி ரெஜினா கார்ட்டர் அதனை எடுத்து ஜாஸ் இசை வாசித்தார். 'பாகனினியின் கருவியில் ஜாஸ் இசையா?' என்று முணுமுணுத்தோர் உண்டு. வயலின் பிளந்துவிடவில்லை, வானும் இடிந்து விழவில்லை. அரங்கம்தான் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

இன்னும் ஒன்று. 'பழைமை மாறாத ஸ்ட்ராடிவாரி' என்று போற்றப்படும் வயலின்களுள் பெரும்பாலானவை, அவர் செய்தபடியே இன்று இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரங்குகள் பெரிதாயின; சுருதியும் ஏறிற்று. ஈடுகொடுக்க வேண்டி, கழுத்தை நீட்டினர். உள்ளே தாங்கும் சட்டத்தை மாற்றினர். கண்ணாடிக்குள் நிற்கும் மெசையாவின் கழுத்துக்கூட மாற்றத்திற்குத் தப்பவில்லை. இன்று நாம் 'மூலம்' என்று கைகூப்பும் பொருள், நேற்றைய பட்டறையில் மாறிய பொருள். மாற்றத்தால்தான் அவை மாளாமல் நின்றன.

கிரேக்க அறிஞர்கள் இதே முடிச்சை முன்பே போட்டு வைத்தனர். தீசியஸ் என்னும் வீரனின் கப்பலை ஏதென்சு மக்கள் காத்து வந்தனர். மக்கிய பலகையை எடுத்துப் புதுப்பலகை பொருத்தினர். எல்லாப் பலகையும் மாறியபின், அது அதே கப்பலா, வேறு கப்பலா என்று வாதிட்டனர். புளூட்டார்க் இதனைக் குறித்து வைத்துள்ளார். நாம் ஒன்று கேட்கிறோம்: அக்கப்பல் கரையில் நின்றதா, கடலில் சென்றதா? கரையில் நிற்கும் காட்சிப்பொருள் என்றால், பலகையை எண்ணிக் கணக்கிடுங்கள். கடலில் செல்லும் கலம் என்றால், அது கரை சேர்க்கிறதா என்று கேளுங்கள். பொருளின் அடையாளம் அதன் பலகையில் மட்டும் இல்லை. அது ஆற்றும் பணியிலும் இருக்கிறது.

மீண்டும் ஜாக்கோவிடம் வருவோம். ஏனெனில், இக்கட்டுரையின் உயிர்நாடி அங்கேதான் உள்ளது.

எழுச்சியும் சோர்வும் மாறிமாறி அலைக்கழிக்கும் இருமுனை மனநோய் அவரைப் பற்றியது. 1982இல் மருத்துவர்கள் அதைக் கண்டறிந்தனர். மதுவும் சேர்ந்தது. 1986இல் அவர் நியூயார்க் தெருக்களில் வீடின்றித் திரிந்தார். உலகின் தலைசிறந்த பேஸ் கலைஞன் பூங்காவில் படுத்து உறங்கினான்! 'பேஸ் ஆஃப் டூம்' என்று அவர் பெயரிட்டிருந்த அந்தக் கருவி துண்டு துண்டாக உடைந்தது; கைவினைஞர் இருவர் துண்டுகளை ஒட்டி உயிர்ப்பித்தனர். அதே 1986இல் நியூயார்க் பூங்காவில் அது களவு போயிற்று. 1987 செப்டம்பரில், ஃப்ளாரிடாவில் ஓர் இரவு விடுதி வாயிலில் நடந்த மோதலில் ஜாக்கோ கொடுமையாகத் தாக்கப்பட்டார். நினைவு திரும்பாமலே செப்டம்பர் 21ஆம் நாள் மாண்டார். அவருக்கு வயது 35.

கருவியோ மாளவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு நியூயார்க் கடையொன்றில் தலைகாட்டிற்று. உரிமை வழக்கு எழுந்தது. 2010இல், மெட்டாலிக்கா குழுவின் பேஸ் கலைஞர் ராபர்ட் டிருஹியோ பொருளுதவி செய்ய, அது குடும்பத்தாரின் உறவுக்குள் மீண்டு வந்தது. பூட்டிவைக்கப்படாமல் வாசிக்கவும் படுகிறது. டிருஹியோவின் செயலை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். எனினும், நெஞ்சு ஒரு கேள்வியால் குமுறுகிறது. உடைந்த மரத்தை ஒட்டவைக்கக் கைகள் இருந்தன. உடைந்த மனத்தை ஒட்டவைக்கக் கைகள் போதவில்லையே! களவுபோன கருவியை ஒரு தலைமுறை தேடிற்று. தெருவில் நின்ற கலைஞனைத் தேடியவர் எத்தனை பேர்?

ஜேமர்சனின் கதையும் இதற்கு இளைத்ததன்று. அவர் உழைப்பில் கோடி கோடியாய் இசைத்தட்டுகள் விற்றன. ஆனால் 1971இல் மார்வின் கேயின் இசைத்தட்டு வரும்வரை, மோட்டவுன் உறைகளில் அவர் பெயர் அச்சேறவில்லை. 1983 ஆகஸ்டு 2ஆம் நாள் மறைந்தார். அதற்குச் சில நாள்முன் அவர் கருவி களவு போனது. 2000இல்தான் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது. உயிரோடிருந்தவனுக்கு ஒருவரிப் பெயர் தரத் தயங்கிய உலகம், மறைந்தவனுக்கு மண்டபத்தில் இடம் தந்தது!

இதிலிருந்து பெறும் பாடம் யாது? பொருளைப் போற்றுதல் எளிது; மனிதனைப் போற்றுதல் கடினம். மரம் பசிக்கிறது என்று சொல்லாது, மருந்து கேட்காது, நள்ளிரவில் வந்து கதவைத் தட்டாது. அதனாலேயே மரத்தின்மேல் அன்பு செலுத்துவது நமக்கு வசதியாக இருக்கிறது. ஆசானின் ஆவி அக்கருவிக்குள் உறைகிறது என்று நம்புவோரும் உளர். ஆவி உறைந்திருந்தால், கருவியை எடுத்த ஒவ்வொருவனும் ஜாக்கோ ஆகியிருக்க வேண்டும்! ஆகவில்லை. அவருடைய இசை அவருடைய விரலிலும் செவியிலும் பல்லாண்டுப் பயிற்சியிலும் இருந்தது.

ஆகவே, நாம் கண்ட முடிவுகளைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது, இசைக்கருவி ஒலிப்பதற்கே உரியது. இயன்றவரை அது ஒலிக்கட்டும். இரண்டாவது, மீட்கக்கூடிய மாற்றம் வேறு, மீளாத மாற்றம் வேறு. தந்தி, திருகாணி, கம்பிச்சுருள், பிரடை ஆகியவற்றைக் கழற்றி வைத்தால் நாளை மீண்டும் பூட்டலாம். இழைத்த மரமும் துளைத்த பலகையும் பழையபடி ஆகா. முன்னதில் துணிவு வேண்டும். பின்னதில் பொறுமை வேண்டும். மூன்றாவது, மாற்றியவன் மறைக்கக்கூடாது. எதை, எப்போது, ஏன் மாற்றினான் என்பதை எழுதிவைக்க வேண்டும். புதியதைப் பழையதென்று விற்பவன் கலைஞன் அல்லன், கள்வன். நான்காவது, எல்லாவற்றினும் மேலானது: இருப்பவர் தேவைக்கும் இறந்தவர் நினைவுக்கும் மோதல் வருமாயின், இருப்பவர் பக்கமே நிற்க வேண்டும். 1721இல் ஸ்ட்ராடிவாரி செய்த 'லேடி பிளண்ட்' வயலினை, 2011இல் ஜப்பானைக் கடற்கோள் தாக்கியபோது, நிப்பான் அறநிலையம் விற்று அப்பெருந்தொகையைத் துயர்துடைக்கத் தந்தது. அந்த வயலின் அன்று எழுப்பிய இசைக்கு ஈடான இசை அதற்குமுன் அதனிடமிருந்து எழுந்ததில்லை என்போம்.

இவற்றை உள்ளத்தில் கொண்டு, ஒரு மாலை மாணவனின் இல்லம் சென்றோம். அறிவுரை கூறச் செல்லவில்லை. அன்னையின் துயரைக் கேட்கவே சென்றோம். அவர் வேட்டியை விலக்கிக் கருவியைக் காட்டினார். மேல்விளிம்பில், முன்கை உராய்ந்து உராய்ந்து, வண்ணம் போய் வெறும் மரம் தெரிந்தது.

"இந்த இடம் அழிந்துவிடுமா, தம்பி?" என்று கேட்டார்.

"அழியாது அம்மா. கழற்றப்போவது விரலளவு எலும்புத் துண்டு ஒன்றுதான். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்கு வேண்டுமானாலும் மீண்டும் பொருத்தலாம். தோள்வார் மாட்ட மறுபக்கம் ஒரு துளை போடவேண்டியிருக்கும். துளை மீளாது, ஆகையால் இப்போது அது வேண்டா. உட்கார்ந்து வாசிக்கட்டும். ஈராண்டு பயின்றபின், தேவையா என்று நீங்களும் அவனும் சேர்ந்து முடிவு செய்யலாம்" என்றோம்.

அவர் உடனே இசையவில்லை. பத்து நாள் சென்றபின், தாமே மகனை அழைத்துக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்குச் சென்றாராம். கழற்றிய துண்டு மூத்தவனின் படத்தருகே ஒரு சிறு டப்பியில் இருக்கிறது. விளக்கு இன்னும் எரிகிறது. அதை அணைக்கச் சொல்ல நாம் யார்?

இடக்கையன் கிதாரைத் திருப்பிப் பிடிக்கிறான். எனவே, அவன் முன்கை பழைய தேய்மானத்தின்மேல் படுவதில்லை, எதிர்விளிம்பிலே படுகிறது. அங்கே வண்ணம் இன்னும் புதிதாகவே இருக்கிறது. ஆண்டுகள் சென்றால் அதுவும் தேயும். ஒரு விளிம்பில் அண்ணனின் உழைப்பு, மறு விளிம்பில் தம்பியின் உழைப்பு. இப்போதைக்கு அவனுக்குச் சுருதி பிசகுகிறது, விரல் கன்றிப்போயிருக்கிறது, அடுத்த அறையில் அன்னை கேட்டுக்கொண்டிருக்கிறார்.